எல்லைக்கு இருபுறமும் ஒரே வயது வேண்டும்

புதுச்சேரி அரசின் கலால் துறைக்கும், தமிழ்நாடு அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. புதுச்சேரியில் 18 நிறைந்தால் போதும். அரசமைப்புச் சட்டம் மதுவை மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதால் இந்த வேறுபாட்டில் சட்டப் பிழை எதுவும் இல்லை. ஆயினும், எல்லையிலுள்ள கோரிமேட்டைத் தாண்டியதும் மாறிவிடுகிற இந்த மூன்றாண்டு இடைவெளி, குடிக்க விரும்பும் பத்தொன்பது வயது இளைஞனைத் தடுப்பதில்லை. இருசக்கர வண்டியில் எல்லை கடந்து போய்க் குடித்துவிட்டு, அதே வண்டியில் இருட்டில் வீடு திரும்பவே அவனைத் தூண்டுகிறது. எங்கள் அச்சமெல்லாம் அந்தத் திரும்பும் பயணத்தைப் பற்றியதுதான்.

புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட மாஹேயின் நிலை இன்னும் கடினமானது. கேரளம் 2017இல் வயது வரம்பை 23ஆக உயர்த்தியதால், கேரள மாவட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தச் சிற்றூரில் இடைவெளி ஐந்தாண்டாகிவிட்டது.

1971இல் வாக்குரிமை வயது 18ஆகக் குறைந்த காலத்தை ஒட்டி, அமெரிக்காவின் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. குறைக்காத மாநிலங்களின் இளைஞர்கள் காரில் அண்டை மாநிலத்துக்குச் சென்று குடித்துவிட்டுத் திரும்பும் வழியில் மாண்டார்கள். 1984இல் அந்நாட்டு நாடாளுமன்றம், 21 வயதை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் சட்டத்தை இயற்றியது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. அவர்கள் அதைச் சாலைப் பாதுகாப்புச் சிக்கலாகவே அணுகினார்கள் என்பதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நம் நாட்டிலும் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது என்ற விதி எல்லைக்கு இருபுறமும் ஒன்றாகத்தானே இருக்கிறது?

பதினெட்டில் வாக்களிப்பவருக்குத் தன் உடல்மீது உரிமை இல்லையா என்ற கேள்வி நேர்மையானது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டிலும், புதுச்சேரியின் ஏனாம் பகுதியைச் சூழ்ந்த ஆந்திரத்திலும் 21 என்றிருக்க, புதுச்சேரியும் 21க்கு வந்தால் காரைக்கால் உட்பட மூன்று பகுதிகளில் இடைவெளி மறைந்து, மாஹேயிலும் இரண்டாண்டாகச் சுருங்கும். கலால் வருவாயைப் பெரிதும் நம்பியிருக்கும் ஓர் அரசுக்கு இது இழப்பு என்பதை அறிந்தே கேட்கிறேன்.

தமிழ்நாட்டுத் துறைக்கும் கடமை உண்டு. 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் நிறுவனத்தின் வழியே அரசே நடத்திவருவதால், இளையவராகத் தோன்றும் ஒவ்வொருவரிடமும் வயதுச் சான்று கேட்கும்படி பணியாளர்களுக்கு ஆணையிடத் தனியார் எவரது இசைவும் தேவையில்லை. சோதனைச் சாவடிகளில் கடத்தல் புட்டிகளைத் தேடும் அதே கவனத்தோடு, ஓட்டுநரின் மூச்சையும் சோதியுங்கள்.

வயது வரம்பைத் திருத்தக் காலம் பிடிக்கும் என்றால், வரும் புத்தாண்டு இரவுக்கு முன்பாகவாவது இரு துறைகளின் அதிகாரிகளும் ஒருமுறை கூடிப் பேசி, எல்லைச் சாலைகளில் கூட்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எல்லையோரத்தில் வாழும் தந்தை ஒருவர்