ஃபியூஸைப் பார்த்துவிட்டுத் திருப்புளியை எடு

அன்புள்ள தம்பிக்கு,

சப்வூஃபர் ஆன் ஆகவில்லை, விளக்குகூட எரியவில்லை, ஆம்ப்ளிஃபயர் போர்டையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. விளக்கே எரியாத பெட்டியில் பழுது பெரும்பாலும் மின்சாரம் உள்ளே வரும் வழியில்தான் இருக்கும். ஒலியைப் பெருக்கும் பகுதி நன்றாகவே இருக்கலாம். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை ஃபியூஸ் சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால், வெளியிலிருந்தே பார்க்க வேண்டியவை சில. அதே பவர் கார்டை வேறொரு கருவியில் செருகிப் பார். 115/230 தேர்வு சுவிட்ச் இருந்தால் அது உன் லைனுக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறதா என்று கவனி. சிவப்பு விளக்கு எரிந்து பச்சைக்கு மாறவில்லை என்றால் பவர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அப்போது ஆட்டோ சுவிட்சை 'ஆன்' நிலைக்குத் தள்ளு. உடனே பாடினால் பழுதே இல்லை, வரும் சிக்னல் அதை எழுப்பப் போதவில்லை. ரிசீவரில் சப்வூஃபர் லெவலை ஏற்றி, பெட்டியின் வால்யூமைக் குறைத்து வைத்தால் ஆட்டோவிலும் விழித்துக்கொள்ளும்.

எந்த விளக்கும் இல்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸை எடு. பல பெட்டிகளில் கார்டு செருகும் இடத்திலேயே ஒரு சின்ன இழுப்பறையில் இருக்கும், சிலவற்றில் உள்ளே போர்டில். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதே. கம்பி மூடிக்குள் அறுந்திருந்தால் வெளியே தெரியாது, மல்டிமீட்டரின் கன்டினியூட்டியில் (கம்பி அறாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துப் பார். போயிருந்தால் கண்ணாடியைக் கவனி. கம்பி நடுவில் மெலிந்து அறுந்திருந்தால் சிறிய ஓவர்லோடாக இருக்கலாம். கண்ணாடி கறுத்தோ, உட்புறம் வெள்ளிபோல் படிந்தோ இருந்தால் பெரும்பாலும் உள்ளே நேரடி ஷார்ட் இருக்கும்.

மாற்றும்போது அதே ஆம்பியர், அதே வகை. மேலே 'டி' என்று இருந்தால் அது தாமதமாக எரியும் வகை. சுவிட்ச் போட்ட கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரும், மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டர்களும் இழுக்கும் அதிகக் கரண்டைத் தாங்குவதற்காகவே அதைப் போடுகிறார்கள். உடனே எரியும் 'எஃப்' வகையைப் போட்டால் நல்ல செட்டிலும் எரியலாம். கூடுதல் ஆம்பியர் போட்டாலோ கம்பியைச் சுற்றி வைத்தாலோ அடுத்து எரிவது போர்டின் தடமோ டிரான்ஸ்ஃபார்மரோதான்.

பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளை இரண்டு வகை: லைன் மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து மாற்றும் எஸ்எம்பிஎஸ், அல்லது கனமான டிரான்ஸ்ஃபார்மர். உள்ளே கை வைக்கும் முன் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 230 வோல்ட் லைனில் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட க்ளிப்புகளால் குறுக்கே பிடித்துச் சில விநாடி வடியவிடு. டிரான்ஸ்ஃபார்மர் வகையில் கெபாசிட்டர்கள் மிகப் பெரியவை என்பதால் இரண்டு நிமிடமாவது வேண்டும். வடிந்ததை மீட்டரில் உறுதி செய்துகொள். திருப்புளியால் ஷார்ட் செய்வது வேண்டவே வேண்டாம். கரண்டோடு அளக்க வேண்டிய இடங்களில் மீட்டரின் க்ளிப்புகளை முதலில் பொருத்திவிட்டுப் பிறகு பிளக்கைச் செருகு. இதில் தயக்கம் இருந்தால் இங்கேயே நிறுத்தி, தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துவிடு.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் பெட்டி செத்துக் கிடந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டாண்ட்பை சர்க்யூட்டை, அதாவது பெட்டி தூங்கும்போதும் விழித்திருந்து அதை ஆன் செய்யும் பகுதியை. பல சப்வூஃபர்களில் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும் சிறு மின்சாரம், லைனோடு தொடராக நிற்கும் ஒரு எக்ஸ்2 கெபாசிட்டர் (லைனில் நேரடியாகப் போடத் தகுந்த பாதுகாப்பு வகை) வழியாக வருகிறது. பெட்டி வடிவில், மேலே 474 என்று அச்சிட்டிருந்தால் அது 0.47 மைக்ரோ ஃபாரட். லைனில் வோல்ட் திடீரென எகிறும்போது அதன் உலோகப் படலத்தில் ஒரு புள்ளி எரிந்துபோகலாம். ஷார்ட் ஆகாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது, ஆனால் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.47 மைக்ரோ ஃபாரட் ஏறக்குறைய 34 மில்லி ஆம்பியர் தரும். அதே கெபாசிட்டர் 0.2-க்கு இறங்கினால் கிடைப்பது 14 அல்லது 15தான். 400 மில்லி வாட் காயில் (கம்பிச்சுருள்) உள்ள 24 வோல்ட் ரிலேக்குச் சுமார் 17 வேண்டும். 'க்ளிக்' சத்தம் வராததற்குக் காரணம் அதுதான். கெபாசிட்டரைக் கழற்றி அள. புதிதாகப் போடுவதும் எக்ஸ்2 வகையாகவே, 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இந்த அமைப்பில் குறைந்த வோல்ட் பகுதியும் லைனோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கிறது. 24 வோல்ட்தானே என்று தொடாதே.

எஸ்எம்பிஎஸ் வகை என்றால் பெரிய கெபாசிட்டரில் 325 வருகிறதா என்று பார். வரவில்லையென்றால் அதற்கு முன்னால் இருக்கும் என்டிசி தெர்மிஸ்டர் (தொடக்கக் கரண்டைக் கட்டுப்படுத்துவது), பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது), சால்டர் இணைப்புகள் இவற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. 325 இருந்தும் அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லையென்றால், கன்ட்ரோல் ஐசிக்கு உயிர் கொடுக்கும் ஸ்டார்ட்-அப் ரெசிஸ்டரையும் அதன் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரையும் பார். யூசி3842 போன்ற ஐசி சுமார் 16 வோல்ட்டில் தொடங்கி 10-க்குக் கீழே நின்றுவிடும். அந்தக் கெபாசிட்டர் காய்ந்திருந்தால் தொடங்கிய உடனே வோல்ட் சரிந்து நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். 'டிக் டிக்' என்று கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். 105 டிகிரி வகையில், அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதலாகப் போடு.

டிரான்ஸ்ஃபார்மர் வகையில் லைன் பக்கச் சுற்றான பிரைமரி முற்றிலும் ஓப்பன் (அறுந்தது) காட்டினால், சுற்றுக்குள் புதைத்த தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினால் அறுவது) போயிருக்கலாம். அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாக இணைப்பது தீயை வரவழைக்கும் வேலை.

அதிர்வையும் மறக்காதே. போர்டு அதிரும் பெட்டிக்குள்ளேயே வாழ்கிறது. கனமான கெபாசிட்டர், ரிலே, கனெக்டர் கால்களைச் சுற்றி வளையமாக விரிசல் தெரிந்தால் பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வை. பாகங்களைப் பிடித்து வைக்கப் பூசிய பசை பழுப்பேறியிருந்தால் சுரண்டி எடு. சில பசைகள் பழையதாகிச் சூட்டில் கறுத்தால் மின்சாரம் கடத்தவும், கால்களை அரிக்கவும் ஆரம்பிக்கும்.

இனி, ஃபியூஸ் போயிருந்தால் தேட வேண்டிய வழி. புதியதைப் போட்டுப் போட்டு எரிக்காதே. லைனோடு தொடராக 60 அல்லது 100 வாட் இழை பல்பை வை, எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு நொடி பிரகாசித்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட். எஸ்எம்பிஎஸ்ஸில் விட்டுவிட்டு மின்னுவது மட்டும் ஷார்ட்டுக்கு அடையாளமல்ல. பல்பால் வோல்ட் குறைந்து சப்ளை தடுமாறினாலும் அப்படி மின்னும்.

பிறகு கரண்டே இல்லாமல் வேரிஸ்டர் (வோல்ட் எகிறலை அடக்குவது), பிரிட்ஜ், மாஸ்ஃபெட் (எஸ்எம்பிஎஸ்ஸில் ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) மூன்றையும் அள. எஸ்எம்பிஎஸ்ஸின் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் அதன் கேட் காலில் இருக்கும் ரெசிஸ்டர், சோர்ஸ் காலில் இருக்கும் சிறு ஓம் ரெசிஸ்டர், கன்ட்ரோல் ஐசி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் சுவிட்ச் போட்ட நொடியில் புதியதும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வகையில் வெளியே வரும் செகண்டரி கம்பிகளைக் கழற்றிவிட்டுப் பல்போடு ஆன் செய். பல்பு மங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது, தேட வேண்டியது அதற்கு அப்பால்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருந்தால் ஸ்பீக்கரைப் பழையபடி மாட்டிவிடாதே. 4 ஓம் ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் 3 முதல் 3.8 ஓம் வரை காட்ட வேண்டும். பழுது நீக்கிய பிறகு, ஸ்பீக்கர் இல்லாமல் அவுட்புட்டில் டிசியை அள. சில பத்து மில்லி வோல்ட் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை, மாட்டினால் ஸ்பீக்கர் காயில் கருகும்.

போர்டே கரியாகியிருந்தால் மட்டும் முழு ஆம்ப்ளிஃபயரை மாற்றுவது பற்றி யோசி. கரி மின்சாரம் கடத்தும், அதைச் சுரண்டாமல் புதுப் பாகம் போட்டுப் பயனில்லை. எப்படியானாலும் ஆம்ப்ளிஃபயர் பொருத்திய தகட்டைப் பெட்டியில் திரும்ப மூடும்போது ஓரத்து ஃபோம் பட்டை முழுதாக இருக்கட்டும். காற்று கசிந்தால் தாழ்ந்த ஒலியில் 'புஸ்' என்று இரைச்சல் வரும்.

ஃபியூஸில் எழுதியிருப்பதை அப்படியே குறித்து, கண்ணாடியின் நிறம், பெரிய கெபாசிட்டரில் வந்த வோல்ட், ரிலே சத்தம் கேட்டதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுது. அடுத்து எங்கே அளக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்