தூங்குகிற வீடா, சாமான் இருக்கிற வீடா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடற்றவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் மாநகர நடைபாதைகள். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: கிராமப்புறங்களில் இந்தப் பிரச்சினை குறைவு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பது வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவன். வேலை பார்த்த பகுதியை நகரம் என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு பேருந்து நிலையம், சுற்றிலும் வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள். ஆசிரியர் வேலை என்றால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கூடவே வரும். 2011 பிப்ரவரி 28ஆம் தேதி இரவு, வீடற்றவர்களை எண்ணும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பனி மூடும் சில பகுதிகளைத் தவிர, நாடு முழுக்க அந்த ஓர் இரவில்தான் அவர்களை எண்ணினார்கள்.

கையில் டார்ச்சும் படிவமுமாகப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, பெரிய சிமென்ட் குழாய்க்குள், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று தேட வேண்டிய இடங்களைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் மேம்பாலமும் இல்லை, பிளாட்பாரமும் இல்லை. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பையின் வாரில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை அவர் மணிக்கட்டில். எழுப்பிக் கேட்டதும், “முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்கேன் சார், எனக்கு வீடு இருக்கு” என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சரி என்று படிவத்தை மூடிவிட்டேன். அடுத்த வாரம் அதே பெஞ்சில் அதே கயிற்றோடு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். நானும்தான்.

பத்துப் பேருக்கு ஒருவரைத் தெரிந்த பகுதியில் தெருவில் படுக்க யாருக்கும் மனம் வராது. அப்புறம் எங்கே படுக்கிறார்கள்? பம்புசெட் அறையில், பாதியில் நின்ற கட்டிடத்தில், அண்ணன் வீட்டுத் திண்ணையில், வேலை முடிந்த பட்டறையில். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கணக்கெடுப்பில் ‘வீடு’ என்றால் தனி வாசல் உள்ள ஒரு கட்டிடம் அல்லது அதன் ஒரு பகுதி. மோட்டாருக்குப் பக்கத்தில் பாய் விரித்து ஒரு வயதான தம்பதி காலம் தள்ளுகிறார்கள். அந்த அறைக்குக் கதவு இருக்கிறது. ஆகவே விதிப்படி அவர்கள் வீட்டில் வசிப்பவர்கள். நிலத்துக்காரர் ‘காலி பண்ணு’ என்று சொல்லும் வரைக்கும்.

2001இல் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 19.4 லட்சம், 2011இல் 17.7 லட்சம். ஊரகப் பகுதிகளில் 11.6 லட்சம் 8.3 லட்சமாகக் குறைந்தது, நகரங்களில் 7.8 லட்சம் 9.4 லட்சமாகக் கூடியது. ஊரகத்தில் குறைந்ததில் ஒரு பங்கு உண்மையாகவே வீடு கிடைத்ததால் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போய் அங்கே எண்ணப்பட்டவர்களும் அதில் உண்டு, கதவு இருக்கிற பம்புசெட்டுக்குள் மறைந்துபோனவர்களும் உண்டு என்பது என் எண்ணம். அந்த இரவில் நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மற்ற நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் வீட்டுவசதித் துறை ஜனவரிக் கடைசியில் ஓர் இரவு எண்ணுகிறது. உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர் அதில் வரமாட்டார். ஆனால் 1987இல் வந்த மெக்கின்னி–வென்டோ சட்டத்தின்படி, வீட்டை இழந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருக்கும் குழந்தையைப் பள்ளிக்கூடங்கள் வீடற்ற குழந்தையாகவே கருத வேண்டும். ஒரே குழந்தை, ஒரு துறையின் கணக்கில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. பின்லாந்தில் நண்பர், உறவினர் வீடுகளில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அங்கே வீடற்றவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான்.

ஒண்டியிருப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஏழாம் வகுப்பில் படித்த ஒரு மாணவி. ஒரே வருடத்தில் மூன்று வெவ்வேறு திசைகளிலிருந்து பள்ளிக்கு வந்தாள். புத்தகப் பை எப்போதும் உப்பியிருக்கும். ஒருநாள் ஜிப் விட்டுப்போய்க் கொட்டியதில் இரண்டு நோட்டு, ஒரு பாவாடை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ரேஷன் கார்டு. வகுப்புப் பதிவேட்டுக்காக விலாசம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எது சார், தூங்குற வீடா, சாமான் இருக்குற வீடா?” என்றாள். நக்கல் இல்லை, நிஜமாகவே சந்தேகம்.

இப்படிப்பட்டவர்களுக்கு என்ன வழி இருக்கிறது? நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடத் திட்டம் 2013இல் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் இடம் என்பது அதன் அளவு. பெயரிலேயே ‘நகர்ப்புற’ என்று இருக்கிறது. எங்களைப் போன்ற பகுதியில் ஒருவருக்குத் தங்க இடம் வேண்டும் என்றால் கூலி வேலையையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு மாநகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். கிராமத்துக்கு என்று உள்ள பிரதமர் வீட்டுத் திட்டம் வீடு கட்டப் பணம் தருகிறது, ஆனால் கட்டுவதற்கு மனை வேண்டும். மனையே இல்லாதவர் முதலில் பட்டாவுக்கு அலைய வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். எங்களைப் போன்ற பகுதிகளில் டார்ச் அடித்துத் தேடினால் மட்டும் போதாது. ராத்திரி கடைசி டிரிப்பில் வருகிற கண்டக்டருக்குத் தெரியும் யார் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. தபால்காரருக்கும் கிராம செவிலியருக்கும் தெரியும். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டும். ‘உங்களுக்கு வீடு இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும், மானப் பிரச்சினை. ‘போன மாதம் எத்தனை இடத்தில் படுத்தீர்கள்’ என்று கேட்டுப் பார்க்கட்டும். வட்டார அளவில் ஒரு சின்னத் தங்குமிடமாவது வரட்டும். அதில் பூட்டு போட்ட ஒரு பெட்டியும், கடிதம் வாங்கிக்கொள்ள ஒரு விலாசமும் இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும்.

அந்த மாணவியின் விலாசக் கட்டத்தில் நான் பென்சிலால்தான் எழுதினேன். வருடக் கடைசியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளுடைய அப்பா வந்தபோது அது நாலாவது முறையாக அழித்து எழுதப்பட்டிருந்தது. காகிதம் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரிந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்