பத்து ஆறும் பதினாலு ஒன்பதும்

அயனாவரம்,
சென்னை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பதில் போட மூன்று வாரம் ஆக்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் இந்தச் சமாச்சாரம் அதற்குள் அடங்காது. நான் நிதானமாக எழுத வேண்டும், நீயும் நிதானமாகப் படித்து யோசித்துப் பதில் போட வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அங்கே தாவிவிடாதே.

முதலில் வீட்டுச் செய்தி. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடிப்படி ஏறுகிறேன், இறங்கும்போதுதான் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பேரனை மைதானத்துக்கு இழுத்துப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறான். செஸ் விளையாடுகிறான். உட்கார்ந்த இடத்திலேயே கடிகாரத்தைத் தட்டித் தட்டி அழுத்துகிறான். அந்த மட்டுக்கும் தாத்தா ரத்தம்தான்.

சரி, விழாவுக்கு வருகிறேன். நம் கிளப்பின் பழைய வீரர்களைக் கூப்பிட்டுப் பாராட்டப் போகிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா, போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெரியமேட்டில் ஒரு சின்ன ஹால். ஜன்னலைத் திறந்தால் நேரு ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிகின்றன. காலையில் மழை கொட்டியும் அறுபது எழுபது பேர் வந்துவிட்டார்கள். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். 'முன்னாள் தடகள வீரர்களுக்குப் பாராட்டு விழா' என்று இருக்க வேண்டியதை அச்சடித்தவன் 'தடங்கல் வீரர்கள்' ஆக்கிவிட்டான். செயலாளர் தம்பிக்கு முகமே வெளுத்துப்போனது. உள்ளே வந்த, தடை தாண்டி ஓடிய நம் ஹர்டில்ஸ்காரி நின்று படித்துவிட்டு, "எனக்குச் சரியாத்தானே போட்டிருக்கு" என்றாள். அதற்கப்புறம் அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அவளை உனக்கு ஞாபகம் இருக்கும். ஆவடியிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, தூக்குச் சட்டியில் பழைய சோறோடு வருவாளே, அவள்தான். பி.டி. டீச்சராக இருந்து ரிடையர் ஆகிவிட்டாள். முடி முழுக்க வெள்ளை. நடை மட்டும் அப்படியே இருக்கிறது, முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிற நடை.

பேச வந்த பழைய கோச் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார், ஆனால் நன்றாகவே பேசினார். பக் துரையில் தொடங்கினார். 1920-ல் இந்த ஊரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியைக் கூட்டிப்போனாரே, அந்த ஹாரி குரோ பக். அப்புறம் 1948-ல் லண்டனில் 100 மீட்டர் ஓடிய எரிக் பிரபாகர். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் வாங்கிய ஞானசேகரன். அந்தப் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் கிழங்கள் எல்லாம் கைதட்டினோம். மறுநாள் பேப்பரை டீக்கடை பெஞ்சில் நாலு பேர் நாலு மூலையில் பிடித்துக்கொண்டு படித்தோமே! மூன்றாவது வரிசைப் பசங்கள் அதுவரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரினின் 8.42 மீட்டர் என்றதும் தலை நிமிர்ந்தது, மும்முறைத் தாண்டுதலில் பிரவீன் சித்திரவேலின் 17.37 என்றதும் விசில். அதுவும் சரிதான், அவரவர் காலத்துக்கு அவரவர் எண்.

ஜன்னலைக் காட்டி ஒரு விஷயம் சொன்னார். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டு இங்கே நடந்தபோது ஷைனி வில்சன் 800 மீட்டரை 1:59.85-ல் ஓடியது அதோ அந்த டிராக்கில்தான் என்றார். ஊர் மெட்ராஸாக இருந்த கடைசி டிசம்பர் அது. எண் தங்கிவிட்டது. அதே மாதிரி உஷா 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் ஹர்டில்ஸில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை விட்டாரே, அந்த 55.42. முப்பத்தொன்பது வருஷம் கழித்து, 2023-ல் ஹாங்சோவில் நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடினாள், நூறில் ஒரு பங்குகூட மாறாமல் அதே 55.42. இதை எந்தச் சோசியனும் சொல்லியிருக்க மாட்டான்.

எண்களைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. கிளப்பில் ஒரு பெரிய பலகை வைக்கப்போகிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் கிளப்பின் சிறந்த நேரம், பெயர், வருஷம். பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துச் சரிபார்க்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் சண்டை 100 மீட்டரில். 10.6 நொடியில் ஓடிய நம்ம 'பத்து ஆறு' அண்ணனைத்தான் சொல்கிறேன். பெயர் சொல்லி அவரை யார் கூப்பிட்டோம்? மேடைக்குப் பக்கத்தில் பலகையின் மாதிரியை அட்டையில் ஒட்டி வைத்திருந்தார்கள். மேலே இந்த வருஷம் ஒரு பையன் ஓடிய 10.72, அதற்குக் கீழே அண்ணன் பெயருக்கு நேரே 10.84. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "நான் எப்படா 10.84 ஓடினேன்?" என்று என்னைக் கேட்டார். ஹாலே திரும்பிப் பார்த்தது.

செயலாளர் தம்பி பேரில் தப்பில்லை. கம்ப்யூட்டர் பிள்ளை, கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தான். கையால் எடுத்த நேரத்தை எலக்ட்ரானிக் நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 நொடி கூட்ட வேண்டும், 400-க்கு 0.14. (அதனால் உன் 48.6 இப்போது 48.74. அந்தப் பலகையில் நீ இரண்டாவது. கோபப்படாதே, முதலிடத்துப் பையன் நல்ல பையன்.) அண்ணனுக்கு நான்தான் விளக்கினேன். துப்பாக்கிச் சத்தம் நூறு மீட்டர் தாண்டி வருவதற்கே கிட்டத்தட்ட 0.3 நொடி ஆகிவிடும். அதனால்தான் புகையைப் பார்த்து அழுத்தச் சொல்வார்கள். புகையைப் பார்த்தாலும் கண்ணிலிருந்து கட்டைவிரலுக்குச் சேதி வர நேரமாகும். ஆனால் முடிவில் நெஞ்சு கோட்டை நோக்கி வருவது முன்னாடியே தெரிகிறது, விரல் தயாராக இருக்கிறது, சரியாக அழுத்திவிடும். தொடக்கத்தில் தாமதம், முடிவில் தாமதமில்லை. ஆகக்கூடி ஓடுகிறவனுக்கு லாபம்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிடா, அந்தப் பையன் மண் டிராக்கில் சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே ஓடினானா? அதுக்கு எவ்வளவு கழிப்பீங்க?" என்றார். அதற்கு எந்தப் புத்தகத்திலும் அட்டவணை இல்லை. கடைசியில் என் யோசனைதான் எடுபட்டது. 10.6 என்றே எழுதி, பக்கத்தில் சின்னதாக 'கை' என்று போடுவது. முதலிடம் 10.72 பையனுக்குத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனுஷன் ஐம்பது வருஷமாகக் கூப்பிடப்பட்ட பெயரை மாற்ற நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் சால்வை, கேடயம், போட்டோ. போண்டா சுடச்சுட இருந்தது, சாம்பாரில் மட்டும் உப்பு இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஹர்டில்ஸ்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, பலகையில லேடீஸ் பக்கம் எண்பத்தெட்டுலருந்துதான் ஆரம்பிக்குது" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு முன்னால் ரிஜிஸ்டரில் நேரம் இல்லை. காலிகோ பைண்டு போட்ட அந்தப் பழுப்பு நோட்டு உனக்குத் தெரியும். ஆண்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஹீட்டுக்கும் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் நேரம் இருக்கிறது. பெண்கள் பக்கத்தில் 1, 2, 3 என்று இடம் மட்டும். அழகான கையெழுத்து. என் கையெழுத்து.

எழுதாதே என்று யாரும் சொல்லவில்லை மாப்ளே. வாட்ச் கையில் இருந்தது, அழுத்தினேன், சத்தமாகச் சொன்னேன், எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏழு வருஷத்துப் பக்கங்களைப் புரட்டினேன், ஒரே மாதிரி.

அவள் குறை சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்துக் கொடுத்தாள். மருந்துக்கடையில் இனாமாகக் கொடுத்த 1981 டைரி, அட்டையில் இருமல் மருந்து விளம்பரம். உள்ளே பென்சிலால் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாள். தேதி, எத்தனை ஹர்டில், நேரம், காற்று எந்தப் பக்கம், அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டாள். 'பயிற்சி. 4 ஹர்டில். எதிர்க்காற்று. இட்லி 2.' கிளப்பிடம் அப்போது நாலு ஹர்டில்தானே இருந்தது! ஆசாரி செய்துகொடுத்த மர ஹர்டில், இடித்தால் விழாது, ஆள்தான் விழ வேண்டும். பத்து ஹர்டில் தாண்ட வேண்டிய ஓட்டத்துக்கு அவள் நாலை வைத்துக்கொண்டு பழகினாள். ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரை தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, ஹர்டில் இருக்கிறதாக நினைத்துக்கொண்டு எட்டரை மீட்டருக்கு ஒரு தரம் தாவுவாள். நாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நீயும்தான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பக்கம். 'நந்தனம். 10 ஹர்டில். மழை விட்ட பிறகு. 14.9. அண்ணா சொன்னது.'

அந்த அண்ணா நான்தான். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் மத்தியானம் மழை. தோட்டா நமத்துப்போய் இரண்டு தடவை வெடிக்காமல், கடைசியில் மரக் கட்டையை அடித்து ஸ்டார்ட் கொடுத்தார்கள். மூன்றாவது வாட்ச் காலையிலேயே தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று என் கையில். இன்னொன்று, 400 ஓடி முடித்துவிட்டுத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உன் கையில். அவள் கோட்டைத் தாண்டினாள், நான் பதினாலு ஒன்பது என்று கத்தினேன். நீயும் என்னவோ சொன்னாய். அதற்குள் மறுபடி தூறல், எல்லோரும் மரத்தடிக்கு ஓடினோம். உன் வாட்ச்சை நான் பார்க்கவில்லை.

செயலாளர் தம்பியிடம் டைரியைக் காட்டினேன். மரியாதையாகவே சொன்னான், "சார், டைம்கீப்பர் கையெழுத்து இருந்தா போட்டுடலாம், இல்லாட்டி நாளைக்கு எல்லாரும் டைரி கொண்டுவருவாங்க." அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியும் போட்டேன். மற்ற பக்கங்களில் போடவில்லை, எனக்கு நினைவில்லாததற்கு எப்படிப் போடுவது? "மத்ததெல்லாம் பொய்யா அண்ணா?" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது உன்னிடம் வருகிறேன். உனக்கு விதி தெரியும். மூன்று வாட்ச் இருந்தால் நடு நேரம். இரண்டுதான் இருந்து, இரண்டும் வேறு வேறாக இருந்தால், அதிக நேரத்தைக் காட்டுவதுதான் கணக்கு. ஆக, என் 14.9 மட்டும் போதாது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் உன் டோக்கன் நம்பரை இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வாய், எண் என்றால் உனக்கு மறக்காது. யோசித்துப் பார். அன்றைக்கு உன் வாட்ச் என்ன காட்டியது?

அவளுக்காக என்று 14.9 எழுதிவிடாதே. நான் உனக்கு எழுதப்போவதை அவளிடம் சொன்னபோது அவளே சொன்னாள், "பதினஞ்சு ஒண்ணுன்னா பதினஞ்சு ஒண்ணுன்னே எழுதச் சொல்லுங்க. ஞாபகம் இல்லேன்னா இல்லேன்னு எழுதட்டும்." நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு விசில் ஊதியவள், ஏமாற்ற முடியாது.

பலகை எழுதுகிற ஆள் பொங்கலுக்கு அப்புறம் வருகிறான். அதற்குள் பதில் வேண்டும். நேரில் வந்தால் இன்னும் நல்லது, திருச்சியில் பல்லவனில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே இருக்கலாம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வரமுடியாவிட்டால் ஒரு போஸ்ட் கார்டு போதும், எண்ணும் உன் கையெழுத்தும். தேதி போட மறக்காதே.

உன்,
ரிலேயில் மூணாவது லெக்