பவர் பட்டனை மட்டும் அழுத்திவிடாதே

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் நிம்மதியாயிற்று. பயிற்சியை மட்டும் பாதியில் விட்டுவிட வேண்டாம் என்று சொல். மகள் வேலைக்குச் சேர்ந்து தனியாகப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பழைய பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் புத்தி எனக்கும் வந்திருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. தண்ணீர் புகுந்த அறையிலிருந்து எடுத்துப் பரணில் போட்டிருந்த கம்ப்யூட்டரை இறக்கிவிட்டாய். அதில் அப்பா பேசிய பதிவுகள் இருக்கின்றன, நாம் நடத்திய பத்திரிகையின் கோப்புகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் கொடுத்துப் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். கொடுக்காதே என்று போனிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தையும் செய்ய வேண்டியதையும் விவரமாக எழுதினால்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வசதி.

காய்ந்து இத்தனை வருஷம் ஆகிறதே, இனி என்ன என்று கேட்டாய். காய்ந்தது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்த உப்பும் நுண்ணிய சேறும், சிப்புகள் பதித்த பலகையான மதர்போர்டின் மேலேயே படிந்து கிடக்கின்றன. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பின் வழியே மின்சாரம் தாராளமாக ஓடும். அந்தப் போர்டில் மின்சாரம் போகும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. போகக்கூடாத இடத்துக்கு 12 வோல்ட் போய்விட்டால் நல்ல சிப்பும் அந்த நொடியே செத்துவிடும். இத்தனை காலம் பரணில் பிழைத்துக் கிடந்ததை நாமே கொன்றதாகிவிடும்.

முதலில் கேபினெட்டைத் திறந்து, உள்சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார். தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அது சொல்லிவிடும். ஹார்ட் டிஸ்க் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போகிறது. ஏனென்றால் உனக்கு வேண்டியது கம்ப்யூட்டர் இல்லை, டிஸ்க். மதர்போர்டும் ராம் என்ற நினைவகமும் போனால் வேறு கிடைக்கும். அப்பாவின் குரல் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி எடுத்து, அதிலுள்ளதை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் காப்பாற்று. அதற்குப் பிறகுதான் பெட்டியை உயிர்ப்பிக்கும் வேலை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதே.

டிஸ்க்கின் மேல்மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பக்கத்திலேயே 'மூடாதீர்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக வைத்த துளை அது. உள்பக்கம் வடிகட்டி உண்டு. தூசியைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. சேற்றுக் கோடு டிஸ்க்குக்கு மேலே இருந்தால், உள்ளேயும் தண்ணீர் போயிருக்கலாம் என்றே வைத்துக்கொள். ஓடும்போது, தகவலைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. காய்ந்த துளியின் உப்புக்கறை ஒன்று தட்டில் இருந்தாலும் ஹெட் அதில் மோதி, தட்டையும் கீறிவிடும். அந்த நிலையில் நீயும் நானும் அதைத் தொடவே கூடாது. தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிபுணர்களிடம்தான் தர வேண்டும். செலவு அதிகம்தான். இருந்தாலும் இந்த ஒரு செலவுக்கு யோசிக்காதே என்பேன்.

டிஸ்க் கோட்டுக்கு மேலே இருந்து, ஈரக்காற்று மட்டும் பட்டிருந்தால் நமக்கு வழி இருக்கிறது. அடியிலுள்ள பச்சை போர்டை நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களைக் கழற்றி மெல்லத் தூக்கு. போர்டின் உள்பக்கத்தில், மோட்டாருக்கும் ஹெட்டுக்கும் தொடர்பு கொடுக்கும் சின்னச் சின்னத் திட்டுகள் வரிசையாக இருக்கும். பல டிஸ்க்குகளில் அவை கறுத்துப்போயிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பளிச்சென்று ஆகும்வரை துடை. சரிப்படவில்லை என்றால் அதே மாடல் டிஸ்க்கின் போர்டை வாங்கி மாட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. அந்தந்த டிஸ்க்குக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய விவரங்கள் பெரும்பாலும் போர்டிலுள்ள ஒரு சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றாமல் வெறும் போர்டை மாற்றினால் பலன் இருக்காது.

பிறகு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் செருகு. விண்டோஸ் என்றால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டு வைக்கும், கை தவறி அழுத்திவிடுவோம். கோப்புகளைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்துவிடு. இதற்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை விட நல்லது நான் பார்த்ததில்லை. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் கடைசிக்கு விட்டுவிடும். எதுவரை எடுத்தோம் என்று மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் முதலில் வருவது உன் பழைய டிஸ்க், அடுத்தது புதியது. மாற்றிக் கொடுத்தால் வெறுமையை எடுத்து அப்பாவின் குரல் மேல் எழுதிவிடும். என்டர் தட்டும் முன் உரக்கப் படித்துப் பார். டிஸ்க் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டால் உடனே கரண்டை நிறுத்து. அது ஹெட் தடுமாறும் சத்தம். இன்னொரு முறை முயன்று பார்க்க வேண்டாம்.

இனி பெட்டி. கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: தண்ணீர் தொட்டிருந்தால் தூக்கிப் போட்டுவிடு. ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அடங்காது. பிரித்துக் கழுவிச் சேமிக்கும் பொருள் இல்லை அது.

மதர்போர்டில் முதல் வேலை, அந்தக் காசு வடிவ சிஆர்2032 செல்லைக் கழற்றுவது. 3 வோல்ட்தானே என்று நினைப்போம். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்த காலமெல்லாம் போர்டில் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான், ஈரத்தோடு சேர்ந்து அரித்ததும் அதன் பக்கத்தில்தான். இதே போலத் தண்ணீர் பட்ட என் பழைய போர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். செல் கூட்டைச் சுற்றி, பழைய செப்புக் குடத்தின் அடியில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு. கொஞ்சம் தள்ளி ஆடியோ சிப்பின் கால்களில் இரண்டு, வெள்ளைப் பொடிக்குள்ளே நூலாய் இளைத்து நின்றன. அதற்கும் அப்பால் இருந்த பகுதியெல்லாம் கறை மட்டும்தான், அரிப்பே இல்லை.

கழுவத்தான் வேண்டும், பயப்படாதே. நேராக ஆல்கஹாலில் இறங்குகிறார்கள் பலர். ஆல்கஹாலில் உப்பு அவ்வளவாகக் கரையாது. முதலில் காய்ச்சி வடித்த நீர், மென்மையான பிரஷ். ராம் ஸ்லாட்டுக்குள்ளும் சிப்புகளின் அடியிலும் போகும்படி நிதானமாக அலசு. அதன் பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அது தங்கிய நீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஜன்னலைத் திறந்து வை, அடுப்போ நெருப்போ பக்கத்தில் வேண்டாம். ஃபேன் காற்றில் சில நாள் சாய்த்து வைத்துக் காயவிடு. ஹேர் டிரையர் எடுக்காதே, அது ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். காயும் நாட்களில் தலை உப்பிய கெப்பாசிட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள். 2000க்குப் பிந்தைய சில வருஷங்களில் வந்த போர்டுகளில் மோசமான கெப்பாசிட்டர்கள் நிறைய வந்தன, தண்ணீரே படாமல்கூட உப்பின. உப்பியதை மாற்றாமல் மேலே போகாதே.

பிராசசர் மேல், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் இறுகியிருக்கும். நேராக இழுத்தால் பழைய ஏஎம்டி பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். இடமும் வலமுமாய்த் திருகித் திருகி எடு. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் புதிதாய்ப் போடு.

எல்லாம் காய்ந்தபின், போர்டைக் கேபினெட்டில் பூட்டாமல் அட்டைமேல் வைத்து, நல்ல எஸ்எம்பிஎஸ், பிராசசர், ஒரே ஒரு ராம், ஸ்பீக்கர் இவை மட்டும் மாட்டிக் கரண்ட் கொடு. டிஸ்க் வேண்டாம். பீப் சத்தம் வந்தால் பாதி ஜெயித்தாய். என்னுடையது அந்தச் சத்தத்தைக் கொடுத்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆடியோ மட்டும் திரும்பவில்லை, அதனால் குறையில்லை.

செல்லைக் கழற்றியதால், கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரல் எல்லாவற்றையும் மறந்திருக்கும். தேதியைச் சரிசெய். டிஸ்க்கை மாட்டும் முன், அதோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா அமைப்பை ஐடிஇ, ஏஎச்சிஐ இரண்டில் முன்பு எதில் இருந்ததோ அதில் வை. மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், டிஸ்க் போய்விட்டதென்று நீ பதறுவாய். இணையத்தில் மட்டும் இணைக்காதே. அதில் ஓடும் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு ஆதரவு 2014லேயே நின்றுபோயிற்று.

பத்திரிகைக் கோப்புகளைத் திறந்ததும் இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். நாம் பாமினி எழுத்துருவில் அடித்தோம். அது இல்லாத கம்ப்யூட்டரில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத்தான் தெரியும். பழுதென்று நினைத்து அழித்துவிடாதே. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான், அதனால் அரைப்புள்ளி மண்டிக்கிடந்தாலே அது பாமினி என்று தெரிந்துகொள்ளலாம். இன்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சில கட்டுரைகளை வேறு எழுத்துருவில் அடித்தோம். அதன் எழுத்துக் குறியீடு தஸ்கியாக இருக்கலாம், 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற டாப் ஆகவும் இருக்கலாம். அவற்றுக்கும் மாற்றி உண்டு. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, நகலை மட்டும் மாற்று. ஒற்றெழுத்தெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று நான் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். அந்த வேலைக்கு ஆசையாகவே இருக்கிறது.

டிஸ்க்கின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. அகலமான ரிப்பன் கேபிள் போனால் ஐடிஇ, மெல்லிய கேபிள் போனால் சாட்டா. இரண்டுக்கும் என்னிடம் அடாப்டர் இருக்கிறது, வேண்டியதை மறுநாளே அனுப்பிவிடுகிறேன். சேற்றுக் கோடு எங்கே நிற்கிறது என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்