பாப்பாவுக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. தம்பிக்குத் தேசிய சேவை முடிய இன்னும் நான்கு மாதம். மூன்று சனிக்கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை அதிகம் என்று அம்மா சொன்னாள். சரி.

கள்ளப் போதகமும் பிரிவினையும் சபைக்குள் வராமல் இருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று எழுதித் தரும்படி நம் செயற்குழு என்னைக் கேட்டிருக்கிறது. நீயும் மெல்பர்னில் இளையர் கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாய், உனக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. தம்பி என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தை நீ எட்டு வயதில் மனப்பாடமாகச் சொன்னவள். மிலேத்துவில் பவுல் எபேசு மூப்பர்களை வரவழைத்து, கொடிய ஓநாய்கள் வெளியிலிருந்து வரும் என்றார். அடுத்த வசனத்திலேயே, உங்களுக்குள்ளிருந்தும் சிலர் எழும்பி சீஷர்களைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள் என்றார். சபைகள் முதல் வசனத்துக்கு மட்டும் பூட்டுப் போடுகின்றன. வாசலில் நிற்கிறவனைச் சோதிக்கிறோம், பத்து வருஷமாகப் பாய் விரித்து நாற்காலி அடுக்கிக் கொடுத்தவனைச் சோதிப்பதில்லை.

வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றி முதலில் எழுதுகிறேன். ஊரிலிருந்து பிரசங்கம் செய்ய ஊழியர்கள் வருகிறார்கள். இங்கே பேச அவர்களுக்கு மனிதவள அமைச்சின் தற்காலிக அனுமதி வேண்டும், அதிகபட்சம் 60 நாள், விண்ணப்பிக்கவேண்டியது கூப்பிடுகிற சபை. 2017 செப்டம்பரில் மற்ற மதங்களை இழிவாகப் பேசியிருந்த வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பிரசங்கிகள் இரண்டு பேருக்கு அந்த அனுமதி மறுக்கப்பட்டது. அரசாங்கம் சோதிப்பது அவ்வளவுதான். உபதேசத்தை அவர்கள் சோதிக்கமாட்டார்கள், அது மூப்பர்களின் வேலை. அதனால் யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும் மூன்று முழுப் பிரசங்கங்களின் பதிவைக் கேள். இரண்டு நிமிடத் துண்டு வீடியோவில் எல்லாரும் நல்லவர்களே. முழுசாகக் கேட்டால், முக்கால் மணிநேரத்தில் எத்தனை நிமிடம் வேதவசனம், எத்தனை நிமிடம் தன்னைப் பற்றி, எத்தனை நிமிடம் காணிக்கை என்று தெரிந்துவிடும். கடிகாரம் வைத்துக் குறி. அவர் எந்தச் சபைக்குக் கட்டுப்பட்டவர், அங்கே அவரைக் கண்டிக்க அதிகாரம் உள்ளவர் யார் என்று எழுத்தில் வாங்கு. ஒரு வருஷம் முன் அவர் போய்வந்த சபைக்குப் போன் செய்து, அவர் போன பிறகு என்ன நடந்தது என்று கேள். கூட்டம் நடக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தனி உறையில் காணிக்கை, தனி நம்பருக்கு ஜெபவிண்ணப்பம், வீடுவீடாகத் தனி ஜெபம், இந்த மூன்றும் கூடாது என்று வருவதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும். வந்தபின் சொன்னால் அவமானப்படுத்திவிட்டோம் என்பார்கள்.

பாட்டையும் பார்க்கவேண்டும், பாப்பா. இயேசு பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று போதித்த ஆரியுஸ் தன் போதகத்தை மாலுமிகளும் மாவு அரைக்கிறவர்களும் பாடும் பாட்டுகளாக்கிப் பரப்பினான் என்று பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் விசுவாசப் பிரமாணத்தை வார்த்தை வார்த்தையாக எழுதவேண்டி வந்ததற்கு அவனுடைய போதகமே காரணம். பிரசங்கம் திங்கட்கிழமை மறந்துபோகும், பாட்டு சமையலறை வரைக்கும் வரும்.

இப்போது வேதபாடம். வேதபாடத்துக்கு யாராவது கூப்பிட்டால் போகவேண்டாம் என்று நான் சொல்லவேமாட்டேன். உன்னை வேதம் படிக்கச் சொல்லி அதிகாலை ஐந்து மணிக்கு எழுப்பியவன் நான். ஆனால் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகவேண்டும். உங்கள் சபையின் பெயர் என்ன? இந்தப் பாடத்தை எழுதியது யார்? என் போதகரை ஒருநாள் கூட்டிக்கொண்டு வரலாமா? குறிப்பு நோட்டை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா? ஒரு மாதம் நிறுத்திவைத்தால் என்ன சொல்வீர்கள்? நல்ல பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஐந்துக்கும் நின்ற இடத்திலேயே பதில் சொல்வார்கள். "கொஞ்ச நாள் வீட்டில் சொல்லாதே, அவர்களுக்குப் புரியாது, பிசாசு தடுப்பான்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடு. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று எழுதியிருக்கிறது. பவுலைச் சோதிக்கலாம், ஒரு வாத்தியாரைச் சோதிக்கக்கூடாதா?

இங்கே நடந்ததை நீயும் செய்தியில் படித்திருப்பாய். ஷின்சியோன்ஜி என்ற கொரியக் கூட்டத்தின் கிளை பதிவில்லாமல் இயங்கியதால் 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சு அதை விசாரித்து, வெளிநாட்டவர் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பும் நடவடிக்கை எடுத்தது. அதே வருஷம் நவம்பரில் 21 பேர் கைதானார்கள். அவர்கள் வலை விரிக்கும் முறையைத் தெரிந்துகொள். முதலில் ஒரு சிநேகிதி. அவள் அறிமுகப்படுத்தும் இன்னொருவர், தற்செயலாக வந்ததுபோல. பிறகு தனித்தனியாகப் பாடம், வாரம் இரண்டு நாள், மூன்று நாள். உவமைகளில் ஆரம்பித்து வெளிப்படுத்தின விசேஷத்தில் போய் நிற்கும். கூட்டத்தின் பெயரையும் தலைவனின் பெயரையும் சொல்லப் பல மாதம் ஆகும். அதற்குள் சிநேகிதர்கள் எல்லாரும் அந்த வகுப்புக்காரர்களாகவே ஆகியிருப்பார்கள். கூடவே உட்காரும் சக மாணவர் சில சமயம் மாணவரே அல்ல, உன்னைக் கவனித்துச் சொல்ல வைக்கப்பட்டவர். அறிவு குறைந்தவர்கள்தான் மாட்டுவார்கள் என்று நினைக்காதே. கேள்வி உள்ள பிள்ளைகள், வேதத்தின்மேல் ஆசையுள்ள பிள்ளைகள், ஊர்விட்டு ஊர் போய்த் தனியாக இருக்கிறவர்கள், இவர்களைத்தான் தேடுவார்கள். வாரம் மூன்று நாள் என்றால் போன் பேசக்கூட நேரம் கிடைக்காது.

பிரிவினைக்காரர் கதை வேறு. அவருடைய உபதேசத்தில் ஒரு பிழையும் இருக்காது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்புவை யோவான் கண்டித்தது அவன் முதன்மையாயிருக்க விரும்பியதற்காக. தீத்து 3:10இல் தமிழில் வேதப்புரட்டன் என்று இருப்பதால் உபதேசத்தைத் திரிக்கிறவனை மட்டும் நினைக்கிறோம். கிரேக்கத்தில் அந்தச் சொல் கட்சி சேர்க்கிறவனையும் குறிக்கும். பிரிவினைக்காரர் பேச்சில் ஒரு வார்த்தை அடிக்கடி வரும்: "பலபேருக்கு மனவருத்தம்." அப்போது பேனாவை எடுத்து, "யார் யார் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன், நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்" என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் இரண்டு பேரில் வந்து நிற்கும். அந்த இரண்டு பேரையும் கட்டாயம் போய்ப் பார்க்கவேண்டும், ஏனென்றால் வருத்தம் சிலசமயம் நிஜம்.

இப்படிப்பட்டவர்மேல் எடுக்கும் நடவடிக்கையில் வரிசை முக்கியம். முதலில் ஒருவர் மட்டும் நேரில் போகவேண்டும். வாட்ஸ்அப்பில் ஒருவரி எழுதினாலும் அது இரவுக்குள் நாற்பது பேருக்குப் போய்விடும். இரண்டாம் முறை இரண்டு பேர், அதில் ஒருவர் அவர் மதிக்கிறவராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கூட்டமாக வந்து மிரட்டினார்கள் என்பார். பேசியதை அன்றே எழுதி அவருக்கு வாசித்துக்காட்டித் தேதி போடவேண்டும்: நீங்கள் சொன்னது இது, வேதம் சொல்வது இது, நாங்கள் கேட்பது இது, இந்தத் தேதிக்குள். இரண்டாவது எச்சரிப்புக்கு முன்பே போதிக்கும் வேலை, மண்டபச் சாவி, வாட்ஸ்அப் குழுவின் பொறுப்பு, வங்கிக் கையெழுத்து எல்லாம் வேறு கைக்கு மாறியிருக்கவேண்டும். இதைத் தள்ளிப்போட்ட சபைகளில், எச்சரித்த மறுநாள் பழைய குழுவிலிருந்து நம்பர்களை எடுத்துப் புதுக் குழு ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் தனிக்கூட்டம் வைத்து அதை நிரந்தரமாக்கினால், 10 பேர் சேர்ந்தாலே சங்கங்கள் சட்டத்தின்படி அது பதியவேண்டிய சங்கம் ஆகும் என்பதையும் பின்னால் போகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அவர்களில் பாதிப்பேர் வேலை அனுமதியில் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளாக இருப்பார்கள், வழக்கு வந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்.

கடைசியில் சபைக்குச் சொல்லும்போது ஒரே பக்கம், ஐந்து நிமிடம், கேட்ட வதந்தி ஒன்றும் கூடாது. அந்த வாரமே அவர் மனைவி பிள்ளைகளைப் போய்ப் பார்க்கவேண்டும். அவர்கள் இன்னும் நம் ஆடுகள்.

அவசரப்படுவதும் கெடுதல். தெரியாமல் தவறாகப் போதிக்கிறவன் வேறு, தெரிந்தே திரிக்கிறவன் வேறு. அப்பொல்லோ என்ற போதகனுக்கு யோவானின் ஞானஸ்நானம் மட்டுமே தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களிடம் சேர்த்துக்கொண்டு திட்டமாக விவரித்துக் காட்டினார்கள். ஜெபாலயத்தில் எல்லார் முன்னும் எழுந்து நின்று கண்டித்திருந்தால் அவனை இழந்திருப்போம். டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா, ஆராதனையில் ஆங்கிலம் எவ்வளவு என்பதற்கெல்லாம் கள்ளப் போதகம் என்ற வார்த்தையைச் செலவழித்த சபையில், நிஜமான ஓநாய் வரும்போது அந்த வார்த்தைக்குப் பலம் இருக்காது.

எபேசு சபை பவுல் சொன்னதை மறக்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் கர்த்தரே அதைச் சொல்கிறார், தங்களை அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சோதித்துப் பொய்யர் என்று கண்டறிந்தாய் என்று. அப்புறம்தான் ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்கிறார்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன், பாப்பா.

அப்பாயி அடக்கம் முடிந்து வந்த ராத்திரி நீ என்னிடம் ஒன்று கேட்டாய். உனக்குப் பதினாறு வயது. அப்பாயி ஞானஸ்நானம் எடுக்கவில்லையே, இப்போது எங்கேப்பா இருப்பாங்க என்றாய். வாயை மூடு, இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்றேன். நீ எடுக்கவே இல்லை. அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது, என் அம்மாவைப் பற்றியது என்பதால் பயந்துவிட்டேன். சபையில் யார் பிள்ளை கேட்டிருந்தாலும் உட்காரவைத்துப் பேசியிருப்பேன். மூப்பராக மற்றவர்கள் வீட்டு வாசலில் நின்றேன், என் வீட்டில் கேள்வி கேட்டவளை வெளியே நிறுத்திவிட்டேன். எந்தக் கேள்விக்கும் வேதபாடத்தின் மூன்றாவது வகுப்பிலேயே பதில் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கேள்விக்கும் வைத்திருப்பார்கள். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் இல்லை.

நான் உன்னைக் கோபிக்கவில்லை. தம்பியையும் கோபிக்காதே. நீ யாரிடம் போய்ப் படிக்கிறாய் என்று கேட்கும் உரிமையை அந்த ராத்திரியே கொஞ்சம் இழந்துவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். அந்த ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கேட்டுப்பார். அவர்கள் சொன்ன பதிலை எனக்குச் சொல்லவேண்டாம், நீ வைத்துக்கொள்.

சனிக்கிழமை இங்கே ஏழு மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவாள், வீட்டில் நான் மட்டும்தான். அப்பாயியைப் பற்றிப் பேசலாம். என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர்கள் கடைசி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டதை நான் யாருக்கும் சொன்னதில்லை, உனக்குச் சொல்கிறேன்.

உன் அப்பா