பீலிக்கு யார் நன்கொடை தருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, புளியந்தீவு புனித மரியாள் பேராலயம் போன்ற பழைய கோயில்களைப் பேணத் தொண்டர்கள் முன்வர வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு எழுகிறது. நல்ல விசயம்தான். ஆனால் எங்கள் ஊரில் கோயில் தொண்டு என்றால் திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில் பெயின்ட் வாளியோடு வந்து நிற்பது என்றாகிவிட்டது. கட்டடத்தைத் தின்பது மாரி மழையும் வாவிப் பக்கத்து உப்புக்காற்றும். அவை திருவிழாத் திகதி பார்த்து வருவதில்லை.

இந்த மாவட்டத்துப் பழைய கோயில் ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, "உறுதியாக இருக்கட்டும்" என்று சீமெந்து பூசினார்கள். இரண்டு மாரி போகவில்லை, ஆள் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விரலால் தொட்டால் வெள்ளை உப்பும் மணலும் கொட்டுகின்றன. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது; ஈரம் உள்ளேயே நின்று கல்லை அரிக்கிறது. நல்ல மனதோடு கொடுத்த காசுதான், சுவரைக் கெடுத்துவிட்டது.

சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் தாராளமாகவே அனுப்புகிறார்கள். தரைக்கு டைல்ஸ், புதிய கெபி, வாசல் வளைவு எல்லாம் வருகின்றன. மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் அடைத்த சருகை அள்ளவோ, விலகிய கூரை ஓடுகளைச் சரிசெய்யவோ ஒருவரும் காசு தருவதில்லை. பீலியில் பெயர்க்கல் பதிக்க இடமில்லையே!

இங்கிலாந்தின் கன்டர்பரி பேராலயத்துக்கு 1927 முதல் 'நண்பர்கள்' சங்கம் ஒன்று இருக்கிறது. அங்கத்தவர்கள் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறார்கள். அது பேராலயத்தின் பராமரிப்புக்குப் போகிறது. நம்மிடம் சிரமதானம் என்ற பழக்கமே இருக்கிறது. பிளேன்ரீயும் பணிசும் கொடுத்தால் சைவப் பிள்ளைகளும் வந்து கைகொடுப்பார்கள். குறை என்னவென்றால், அது ஒருநாள் கூத்தாக முடிந்துவிடுகிறது. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு இந்த மாவட்டமே கூரை போட்டுக்கொண்டிருந்ததைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் கோயிலில் எந்தப் பக்கம் புதிது, எது பழைய மரம் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதுகூடப் பெரிய தொண்டுதான். அதற்கு ஒரு கொப்பி போதும்.

2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானபோது மரியாள் கோயில் அதன் பேராலயமானது. கன்டர்பரியில் இருப்பது போன்ற ஒரு நிரந்தரக் குழுவை அங்கிருந்தே தொடங்கலாம். ஐப்பசி பிறக்குமுன் வடிகான்களைத் துப்புரவாக்குவது, சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை வேர் தடிக்கும் முன் அகற்றுவது, மாதம் ஒருமுறை சுவர்களைப் படம் எடுத்து வைப்பது எல்லாம் பங்கு இளைஞர்களால் முடியும். பூச்சில் கை வைப்பதானால் மட்டும் முதலில் தொல்பொருள் திணைக்களத்தாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், கூரையில் ஏறும் வேலைக்குப் பிள்ளைகளை விடவே கூடாது. அதற்குப் பழக்கப்பட்ட ஆளைக் கூலிக்குப் பிடிக்க வேண்டும். வெளிநாட்டுக் காசை அந்தக் கூலிக்குக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்,
புளியந்தீவு, மட்டக்களப்பு.