கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பனியில் கருகிய புதர்ச்செடிகளை உடனே வெட்டச் சொல்லும் யோசனையை உங்கள் தோட்டப் பக்கத்தில் படித்தேன். போன வருடம் நானும் அப்படித்தான் ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதர் ஒன்றைத் தரையோடு வெட்டினேன். வெட்டுவாயில் பச்சை ஈரம் தெரிந்ததும் வயிற்றைக் கலக்கியது.

இப்போதெல்லாம் முதலில் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிப் பார்க்கிறேன். உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுவேன். இலை கருகப் பாதிக் காரணம் தாகம்தான். மண் உறைந்திருக்கும்போது வெயிலும் காற்றும் இலையின் நீரை இழுத்துவிடுகின்றன. அதனால் மண் இளகியதும் வேர் நனையத் தண்ணீர் விடலாம். உரம் இப்போது வேண்டாம். அவசரத் துளிரை அடுத்த பனி தின்றுவிடும். துளிர் எங்கே வருகிறதென்று பார்த்து, அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும்.

இந்த முறை என் பாக்ஸ்வுட் புதர்ச்செடியை வெட்டாமல் காத்திருக்கிறேன். நேற்று ஒரு கணுவில் கடுகளவு பச்சை.

இப்படிக்கு,
ஒரு வாசகி